சாவி வேறொருவர் கையில்

யூதர்கள் இல்லாத யூதக் கோயில், திபெத்தியர் இல்லாத திபெத்திய மடம், அடிமரம் இல்லாத ஆலமரம். சாந்த்ராகாச்சியில் இறங்கி ஹூக்ளியின் இரு கரைகளிலும் நடந்தால் இவை எல்லாம் கண்ணில் படும்.

சென்னையிலிருந்து வரும் ரயில் சாந்த்ராகாச்சியில் நின்றதும் தமிழ்ப் பயணிகள் போர்வையை மடிப்பார்கள், சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடுவார்கள், ஹவுரா வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார்கள். ஹவுராவுக்கு இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கிறது. சிக்னல் கிடைக்காவிட்டால் அதுவே ஒரு யுகம். தென்கிழக்கு ரயில்வே, சென்னை மற்றும் தாம்பரத்துக்கான சில ரயில்களை சாந்த்ராகாச்சியோடு நிறுத்திக்கொண்ட பிறகு, பலருக்கு இங்கே இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இறங்கியவர்கள் டாக்ஸி பிடித்து, கோனா எக்ஸ்பிரஸ்வே வழியாக, 1992-ல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவைத் தாண்டி, நேராக விக்டோரியா நினைவகத்துக்குப் போகிறார்கள். பிறகு காளிகாட், தக்ஷிணேஸ்வரம், பேலூர் மடம், புது மார்க்கெட். இரண்டாம் நாள் திரும்புகால் ரயில்.

இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் விக்டோரியா நினைவகம் போன்ற கட்டடங்களுக்குப் பாதுகாப்பு ஒரு பிரச்னையே அல்ல. டிக்கெட் உண்டு, பூந்தோட்டம் உண்டு, அரசாங்கச் சம்பளத்தில் காவலாளி உண்டு. கட்டியவர்கள் கிளம்பிப் போன பிறகும் இடிபடாமல், அருங்காட்சியகமாகவும் மாறாமல், தன் வேலையைச் செய்ய முயன்றுகொண்டிருக்கும் கட்டடங்கள்தான் சுவாரஸ்யமானவை. கொல்கத்தாவில் அப்படிப்பட்டவை ஏராளம். அவற்றின் கதவை இன்று யார் திறந்துவிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் நகரத்தின் சரித்திரம் பாதி புரிந்துவிடும்.

சாந்த்ராகாச்சியிலேயே ஆரம்பிக்கலாம். வங்காளிகளுக்கு இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ரயில் அல்ல, சேனைக்கிழங்கு. சாந்த்ராகாச்சி 'ஓல்' தொண்டையில் அரிக்காது என்பது அவர்கள் சமையலறைகளில் பரம்பரையாக இருந்துவரும் நம்பிக்கை. வயல்கள் வீடுகளாகிவிட்டன, கிழங்கின் புகழ் மட்டும் சந்தையில் மிஞ்சியிருக்கிறது. ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது சாந்த்ராகாச்சி ஜீல். ரயில்வேக்குச் சொந்தமான பெரிய ஏரி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இங்கே தங்குகின்றன. எல்லாமே சைபீரியாவிலிருந்து வந்தவை என்று வேடிக்கை பார்ப்பவர்கள் சொல்லுவார்கள். ஊசிவால் வாத்து போன்ற சில இனங்கள் நிஜமாகவே வட ஆசியாவிலிருந்து வருபவை. ஆனால் கூட்டத்தில் பெரும்பகுதி சீழ்க்கைச் சிறகி என்னும் நம் துணைக்கண்டத்துப் பறவை.

பறவைகள் தாமாக வந்து தாமாகத் தங்கிவிடுவதில்லை. குளிர்காலத்துக்கு முன் ஆகாயத்தாமரையை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். முழுவதும் அள்ளிவிடவும் கூடாது. அதையே ஆங்காங்கே திட்டுத்திட்டாகக் குவித்து மிதக்கும் தீவுகளாக்கினால்தான் வாத்துகள் ஏறி உட்காரும். இந்த வேலை தள்ளிப்போன வருடங்களில் பறவைகளும் குறைந்திருக்கின்றன. சுற்றியுள்ள குடியிருப்புகளின் சாக்கடை ஏரியில் கலப்பது குறித்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயிற்று. சட்டப்படி ஏரியின் சொந்தக்காரர் யார் என்பது வாத்துகளுக்குத் தெரியாது. யார் களை எடுக்கிறார்கள் என்பதுதான் அவற்றுக்கு முக்கியம்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஷிப்பூர் தாவரவியல் பூங்கா. 1787-ல் கர்னல் ராபர்ட் கிட் தொடங்கியது. கப்பல் கட்டத் தேக்கும், விற்கச் சரக்குப் பயிர்களும் வளர்ப்பதுதான் கம்பெனியின் உத்தேசம். தேக்கு சரிப்பட்டு வரவில்லை. 1793-ல் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பர்க்தான் இதை அறிவியல் கூடமாக்கினார். அவர் இங்கே வந்ததே சென்னை ராஜதானியிலிருந்து. சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட பெரிய நூல் வரிசை, நம் ஊர்ச் செடிகளை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியது. 2009 முதல் பூங்காவுக்கு ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸின் பெயர்.

எல்லோரும் பார்க்க வருவது ஆலமரத்தை. வயது 250-க்கு மேல். 1864, 1867 புயல்களில் அடிபட்டு, காயத்தில் பூஞ்சைக் காளான் பிடித்து, கடைசியில் 1925-ல் அடிமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் சாகவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளின் மேல் பல ஏக்கருக்குப் பரந்து நிற்கிறது. 2020 மே மாதம் ஆம்பன் புயல் பூங்காவில் ஏராளமான மரங்களைச் சாய்த்தபோது இதற்கும் சேதம். ஆனாலும் நிற்கிறது. விழுதுகள் தானாகத் தரையைத் தொடுவதாக நினைப்பவர்கள் சற்று உற்றுப் பார்க்கலாம். இளம் விழுதுகளைச் சேதப்படாமல் வழிகாட்டி மண்ணில் இறக்குவது ஊழியர்களின் வேலை.

வெளியூர்க்காரர்கள் அனேகமாகப் போகாத இடம் குசுரி. ஹவுரா ஸ்டேஷனுக்கு வடக்கே, சணல் ஆலைகளும் கிடங்குகளும் நெருக்கியடிக்கும் பகுதி. இங்கே ஆற்றோரமாக இருக்கிறது போட் பாகான், அதாவது 'திபெத்தியத் தோட்டம்'. 1774-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஜார்ஜ் போகிளைத் திபெத்துக்கு அனுப்பினார். அங்கே பஞ்சன் லாமா, கங்கைக் கரையில் தம் மக்கள் வந்து தங்கவும் வழிபடவும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார். ஹேஸ்டிங்ஸ் நிலம் கொடுத்தார். லாமா விக்கிரகங்கள் அனுப்பினார். இருவருக்கும் நடுவில் நின்று காரியத்தை முடித்தவர் பூரண்கிரி என்ற தசநாமி சந்நியாசி. அந்தக் காலத்து கோசாயிகளுக்குத் துறவும் வியாபாரமும் ஒரே பையில். இமயத்தின் கணவாய்கள் அவர்களுக்கு அத்துப்படி. பூரண்கிரி லாமாவோடு பீஜிங் வரை போனார். லாமா அங்கே 1780-ல் அம்மை கண்டு இறந்துபோனார். திரும்பி வந்து குசுரி மடத்தின் தலைவராக இருந்த பூரண்கிரி 1795-ல் மடத்தைக் கொள்ளையடிக்க வந்தவர்களோடு போராடி மாண்டார்.

இந்தியச் சமவெளியில் நவீன காலத்தில் எழுந்த முதல் திபெத்திய மடம் இதுதான் என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இன்று போனால் திபெத்திய பிட்சு ஒருவரும் இல்லை. பூரண்கிரிக்குப் பின் வந்த சைவ மகந்துகள் இதைக் காத்து, மெதுவாகத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் சமாதிகளின் மேல் சிவலிங்கங்கள். புத்த மடம் சைவ மடமாகிவிட்டதே என்று ஆராய்ச்சியாளர்கள் வருத்தப்படலாம். ஆகாமலிருந்தால் இந்த இடத்தில் எப்போதோ ஒரு சணல் கிடங்கு எழுந்திருக்கும் என்பதையும் கூடவே யோசிக்க வேண்டும்.

ஹவுராவிலிருந்து அக்கரைக்குப் போக 1943-ன் பழைய பாலம் இருக்கிறது. 2024 மார்ச்சிலிருந்து ஆற்றுக்கடியில் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. பழைய கல்கத்தாவைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் படகுதான் உசிதம். ஆர்மீனியப் படித்துறையில் இறங்கி, மூட்டை சுமப்பவர்கள் வழிவிட்டால் வழிவிட்ட வேகத்தில் நடந்தால், சந்து ஒன்றின் முடிவில் வெள்ளைச் சுவர் தெரியும். நாசரேத் ஆர்மீனிய மாதாகோயில், 1724-ல் கட்டியது. முற்றம் முழுக்கக் கல்லறைகள். அவற்றில் ரேஸாபீபி என்ற பெண்மணியின் கல்லில் 1630 என்ற ஆண்டு படிக்கப்படுகிறது. அந்த வாசிப்பைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. அது சரியென்றால், கல்கத்தாவை 'ஸ்தாபித்ததாக' பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த ஜாப் சார்னாக் வந்து இறங்கிய 1690-க்கு அறுபது ஆண்டுகள் முன்பே இங்கே ஆர்மீனியர்கள் இருந்திருக்கிறார்கள். சார்னாக் நகரத்தின் ஸ்தாபகர் அல்ல என்று கல்கத்தா உயர் நீதிமன்றமே 2003-ல் சொல்லிவிட்டது.

சென்னைவாசிகளுக்கு இந்த முற்றம் ஏற்கெனவே பார்த்ததுபோல் இருக்கும். பாரிமுனை ஆர்மீனியன் தெருவில் 1772-ல் எழுந்த மாதாகோயிலிலும் இதே மௌனம், காலடியில் இதே எழுத்துக்கள். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-ல் வெளிவந்தது சென்னையில்தான். இன்று சென்னையில் அந்தச் சமூகம் இல்லை. அந்தக் கோயிலைப் பராமரிப்பது கொல்கத்தாவில் உள்ள ஆர்மீனியச் சர்ச் கமிட்டி. கொல்கத்தாவில் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? 1821-ல் தொடங்கிய ஆர்மீனியன் கல்லூரிதான் காரணம். பெயர் கல்லூரி என்றாலும் அது பள்ளி. நாவலாசிரியர் தாக்கரே பிறந்த வளாகத்தில் இருக்கிறது. ஆர்மீனியா, ஈரான், இராக் நாடுகளிலிருந்து பிள்ளைகளை வரவழைத்து, இலவசமாகத் தங்கவைத்துப் படிப்பிக்கிறார்கள். ஜனவரி 6 அன்று, அதுதான் ஆர்மீனியக் கிறிஸ்துமஸ், பாடல் பாட அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்னோர் விட்டுப்போன அறக்கட்டளைப் பணம் இருப்பதால் இது சாத்தியம். எல்லாச் சமூகத்துக்கும் இந்த வசதி வாய்ப்பதில்லை.

அடுத்த தெருமுனையிலேயே வாய்க்காத கதை. பிரபோர்ன் சாலையும் கானிங் தெருவும் சந்திக்கும் இடத்தில், பிளாஸ்டிக் சாமான், பை, பொம்மை விற்கும் நடைபாதைக் கடைகளுக்குப் பின்னால், உயரமான கோபுரத்தோடு ஒரு செங்கல் கட்டடம். அக்கம்பக்கத்தார் பலருக்கு இது 'லால் கிர்ஜா', சிவப்பு மாதாகோயில். உண்மையில் இது மாகேன் டேவிட் யூதக் கோயில். நகரத்தில் பாதி மாளிகைகளுக்குச் சொந்தக்காரர் என்று பேர்வாங்கிய டேவிட் ஜோசப் எஸ்ராவின் நினைவாக மகன் எலியாஸ் 1884-ல் கட்டியது. உள்ளே சதுரங்கப் பலகை போன்ற சலவைக்கல் தரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல், வேதச் சுருள்கள் வைக்கும் மாடத்தின் மேல் நட்சத்திரங்கள் பதித்த நீல அரைக்குவிமாடம். பக்கத்துப் பொலக் தெருவில் 1856-ல் எழுந்த பெத் எல். இரண்டுமே இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. சமீப ஆண்டுகளில் நன்றாகப் பழுது பார்த்திருக்கிறார்கள்.

1798-ல் அலெப்போவிலிருந்து வந்த ஷாலோம் கோஹன் என்ற வணிகரிலிருந்து தொடங்குகிறது இந்தச் சமூகத்தின் கதை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். 1971-ல் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணாகதியைப் பேசி முடித்த லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் இந்தச் சமூகத்துப் பிள்ளை. 1947-க்குப் பிறகு லண்டன், இஸ்ரேல், ஆஸ்திரேலியா என்று ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட்டது. எஞ்சியவர்கள் இருபது பேரைச் சுற்றித்தான். யூத முறைப்படி கூட்டு வழிபாடு நடக்க வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர் சேர்வதில்லை. ஆகவே பளபளக்கும் பெஞ்சுகள், எரியாத விளக்குகள், வழிபாடு இல்லை.

கதவைத் திறப்பவர்கள் முஸ்லிம்கள். ஒடிசாவிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக இந்தக் கோயில்களைப் பெருக்கித் துடைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள். உள்ளே நுழையும் ஆண்களிடம் தலையை மூடச் சொல்லி சிறிய குல்லா கொடுப்பது அவர்கள்தான். பல ஆண்டுக் காலம் கோயிலைப் பார்க்க அனுமதி வாங்க வேண்டியிருந்தது ஒரு பேக்கரியில், 1902-ல் தொடங்கிய புது மார்க்கெட் நாஹூம் கடையில். கேக் வாங்கிக்கொண்டு கூடவே அனுமதிச் சீட்டும் வாங்கி வரலாம். பார்க் தெரு வட்டாரத்தில் இருக்கும் யூதப் பெண்கள் பள்ளி 1881-ல் தொடங்கியது. இன்று அங்கே படிக்கும் மாணவிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பக்கத்திலேயே, கட்ச் மேமன் வணிகர்கள் சிக்கந்தராவில் உள்ள அக்பர் சமாதியைப் பார்த்துக் கட்டிய நாகோதா மசூதி. கொஞ்சம் தள்ளி 1799-ன் போர்த்துக்கீசிய மாதாகோயில். எல்லாம் பத்து நிமிட நடைக்குள்.

இந்த இடத்தில் ஸ்பெயின் நாட்டு செவில் நகரம் நினைவுக்கு வராமல் போகாது. அங்கே சாண்டா குருஸ் என்ற பழைய யூதர் பேட்டை உலகச் சுற்றுலாக்காரர்களின் செல்லம். வெள்ளைச் சுவர், ஆரஞ்சு மரம், வளைந்து வளைந்து போகும் சந்து. 1391-ல் நடந்த படுகொலையில் அந்தப் பேட்டை அழிந்தது. யூதக் கோயில்கள் மாதாகோயில்களாயின. சாண்டா மரியா லா பிளாங்கா அப்படி மாறியதுதான். 1483-ல் அந்தப் பிரதேசத்திலிருந்தும் 1492-ல் நாட்டிலிருந்தே யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இன்று பயணிகள் ரசிக்கும் அழகில் பெரும்பங்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுற்றுலாவுக்காகவே ஒப்பனை செய்யப்பட்டது. கொல்கத்தாவில் யூதர்களை யாரும் துரத்தவில்லை. கோயில் கோயிலாகவே, அழுக்குக் கடைத்தெருவின் நடுவில் இருக்கிறது. அழகில் செவில் ஜெயிக்கும், சந்தேகமில்லை.

இதை வைத்து நகரத்துக்கு நற்சான்றிதழ் எழுத அவசரப்பட வேண்டாம். லால்பஜார் காவல் தலைமையகத்துக்குப் பின்னால் டிரெட்டா பஜார் இருக்கிறது. சீனர்களின் பழைய பேட்டை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போனால் ஆவி பறக்கும் மாவு உருண்டைகளும் மீன் உருண்டை சூப்பும் கிடைக்கும். எட்டு மணிக்கெல்லாம் கடை காலி. 1905-ல் எழுந்த ஸீ இப் கோயிலை இங்கே எல்லோரும் 'சர்ச்' என்றே அழைக்கிறார்கள். ஊதுவத்தியும் டிராகனும் உள்ள சர்ச். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பட்ஜ்பட்ஜ் அருகே சர்க்கரை ஆலை வைத்த டோங் அச்யூவிடமிருந்து இவர்கள் தங்கள் வரலாற்றைக் கணக்கிடுகிறார்கள். தச்சர்கள், செருப்புத் தைப்பவர்கள், பல் வைத்தியர்கள், தோல் பதனிடுபவர்கள்.

1962-ல் எல்லையில் போர் வந்தது. இந்தியாவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த சீன வம்சாவளியினர் சுமார் மூவாயிரம் பேர் ரயிலேற்றப்பட்டு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். குழந்தைகளும் கிழவர்களும் அதில் அடக்கம். சிலர் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடும் கடையும் திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு கனடாவுக்குப் போனவர்கள் ஏராளம். இருபதாயிரம் பேர் இருந்த இடத்தில் இரண்டாயிரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாட்டின் கடைசிச் சீன மொழி நாளிதழும் 2020-ல் நின்றுபோயிற்று. காலி வீடுகளையும் சிற்றுண்டியையும் படமெடுக்க வருபவர்கள், தேவ்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம்.

கோயில்களுக்காவது யாராவது ஒருவர் இருக்கிறார்கள். வீடுகளின் நிலைமை மோசம். சிவப்பு ஆக்ஸைடு தரை, பச்சை வண்ண மரச் சட்டம் வைத்த ஜன்னல், மாலையில் அரட்டையடிக்கத் தெருவோரமாக ஒரு திண்ணை. வங்காளிகள் திண்ணையை 'ராக்' என்கிறார்கள். நடுத்தர வங்காளிக் குடும்பம் ஒன்று நூறு வருடம் முன்பு கட்டிய வீடு இப்படித்தான் இருக்கும். இதற்குப் பொதுவாகப் பாரம்பரியப் பட்டியலில் இடமில்லை. பங்காளிகள் பதினைந்து பேர், வாடகைக்காரர் நாலு பேர், ஓட்டை விழுந்த மொட்டைமாடி. 'பிரமோட்டர்' வந்து ஆளுக்கொரு ஃபிளாட் தருகிறேன் என்றால் யார் மறுப்பார்கள்? மாளிகைகளை மட்டுமல்ல, இந்தச் சாதாரண வீடுகளையும் தெருத்தெருவாகக் காக்க வேண்டும் என்று நாவலாசிரியர் அமித் சௌதுரி 2015 முதல் குரல் கொடுத்து வருகிறார். பட்டியலில் இருந்தாலும் நிச்சயமில்லை. பழைய கெனில்வொர்த் ஹோட்டல் கட்டடம் தரம் இறக்கப்பட்டு 2018-ல் இடித்துத் தள்ளப்பட்டது. டல்ஹௌசி சதுக்கத்தின் கரன்சி கட்டடத்துக்கு எதிர்மாறான விதி. 1990-களில் அரசாங்கமே பாதி இடித்து, நடுக்கூடத்தின் குவிமாடங்களையும் தள்ளிய பிறகு, எதிர்ப்பு கிளம்பி வேலை நின்றது. தொல்லியல் துறை கையிலெடுத்துச் சீர்செய்து 2020-ல் திறந்தது. குவிமாடங்கள் இருந்த இடத்தில் வானம் தெரிகிறது. அதை மூடாமல் அப்படியே விட்டது நல்ல யோசனை. யார் இடித்தது என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள்.

தமிழர்கள் இதையெல்லாம் பிறர் கதையாகப் பார்த்துவிட்டு வருவதும் கஷ்டம். தெற்கு கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் ஒரு காலத்தில் நம்மவர் பேட்டை. அரசாங்க ஆபீஸ்களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளிலும் கணக்கு எழுதவும் சுருக்கெழுத்து எடுக்கவும் வந்த குடும்பங்கள். வெற்றிலை, வாழை இலை, காப்பிக்கொட்டை, கச்சேரி எல்லாம் அங்கே கிடைத்தன. பாரதி தமிழ்ச் சங்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் கம்பெனிகள் தலைமையகத்தை மும்பைக்கும் டெல்லிக்கும் மாற்ற, பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போக, தெருவில் கேட்கும் தமிழ் குறைந்துகொண்டே வருகிறது. இட்லி கிடைக்கிறது. சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் வங்காளிகள்.

டிரெட்டா பஜாரிலிருந்து கிழக்கே நடந்தால் பௌபஜார் தெரு. இப்போது பிபின் பிஹாரி கங்குலி தெரு. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1907-ல் கணக்குத் துறை அதிகாரியாக இந்நகரத்துக்கு வந்து, ஆபீஸுக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சி செய்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இந்தத் தெருவில் 210-ம் எண்ணில் இருந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று அவர் பெயரிலான ஒளிச்சிதறலை உறுதிசெய்தது அங்கேதான். கழகம் பிற்பாடு ஜாதவ்பூருக்குப் போய்விட்டது. 210-ம் எண்ணில் இன்று ஒரு வணிகவியல் கல்லூரி நடக்கிறது.